நாலாவது மூலை

தேர்வாளரின் ஸ்கொயர்

தேர்வாளர் தன் பையிலிருந்து சொந்த ஸ்கொயரை எடுத்து மேசைமேல் வைத்தார். பார்த்த உடனே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அதற்கு முன் வந்த தேர்வாளர்கள் யாரும் அப்படிச் செய்ததில்லை. வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "சார், உங்க ஸ்கொயரையே குடுங்க" என்று என்னிடம் கை நீட்டுவதுதான் வழக்கம். இவர் புது ஆள், இளைஞர், சட்டைப் பையில் மூன்று பேனா. மூன்று பேனா வைத்திருப்பவர்களை நான் பொதுவாக நம்புவதில்லை.

நான் புதுச்சேரியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டர் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அறக்கட்டளை ஒன்று நடத்தும் சின்ன நிலையம், பெயர் வேண்டாம். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தைச் சொல்லும் கதைகள் வேண்டுமென்றால் முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்கலாம். அவளுக்கு எல்லாம் மனப்பாடம். நான் இங்கே சொல்வது நான் ஃபெயிலான கதை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

வேலை தெரியாதவர்களுக்கு முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஃபிட்டர் மாணவருக்கு ஒரு இரும்புத் தகட்டைக் கொடுப்போம். உள்ளங்கை அகலம், பத்து மில்லி கனம். அதை வைஸில் இறுக்கி, அரத்தால் அராவி, நாலு பக்கமும் நேராகவும் நாலு மூலையும் சரியாகத் தொண்ணூறு டிகிரியாகவும் கொண்டுவர வேண்டும். மூலையைச் சோதிக்கும் கருவிதான் ஸ்கொயர். தச்சர்கள் மூலைமட்டம் என்பார்கள். கனமான அடிக்கட்டை ஒன்று, அதில் குறுக்காகப் பொருத்திய மெல்லிய பிளேடு ஒன்று. அடிக்கட்டையைத் தகட்டின் ஒரு பக்கத்தில் அணைத்து, பிளேடை அடுத்த பக்கத்தில் உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரியாவிட்டால் மூலை சரி. தெரிந்தால் கோணல்.

அன்று தேர்வாளர் ஒவ்வொரு தகடாகத் தூக்கிப் பிடித்தார். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் கோடு போட்டது. இருபது பேரில் பதினாலு பேர் ஃபெயில். ஆறு பேர் மற்ற அளவுகளில் வாங்கிய மார்க்கில் எப்படியோ கரை ஏறினார்கள்.

"ஒருத்தருக்கும் ஸ்கொயர் வரல சார்" என்றார் தேர்வாளர், தயங்கித் தயங்கி.

"பசங்களுக்குப் பொறுமை இல்ல சார். எந்நேரமும் போன்" என்றேன்.

இதை நான் எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு வருடமாகவே எங்கள் மாணவர்களுக்கு நாலாவது மூலை வரவில்லை. மூன்று மூலையை அழகாகக் கொண்டுவருவார்கள், நாலாவதில் வெளிச்சம் தெரியும். அதைச் சரி செய்யப்போனால் முதல் மூலை கெடும். அராவி அராவித் தகடு அளவுக்குக் கீழே இளைத்துவிடும். கடைசியில் எனக்குத் தெரியாமல் சுத்தியலால் ஓரத்தைத் தட்டி உப்பவைத்து வெளிச்சத்தை அடைப்பார்கள். எனக்குத் தெரியாமல் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எல்லார் கையிலும் போன் வந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான். நான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டேன். ரொம்ப வசதியான முடிச்சு அது. என்மேல் ஒரு தூசு விழாது.

முசியேயின் பெட்டி

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மற்ற எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இல்லாத ஒரு சாமான் இருந்தது. அதை நாங்கள் ஸ்கொயர் என்று சொல்வதில்லை, எக்கேர் என்போம். எனக்கு முன்னால் இருந்த இன்ஸ்ட்ரக்டர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். ராணுவப் பட்டறையில் வேலை பழகிய மனிதர். அவரை எல்லோரும், பிரெஞ்சில் ஐயா என்பது போல, முசியே என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கொயருக்கு பிரெஞ்சில் எக்கேர் என்றுதான் பெயராம். அவர் மகனோடு இருக்கப் பிரான்சுக்கே போனபோது, மரப்பெட்டியில் பச்சை வெல்வெட் மேல் படுத்திருந்த அந்த எக்கேரை என் கையில் கொடுத்தார்.

"மூலை எல்லாம் இதுல இருந்துதான் பொறக்கணும், புரியுதா?" என்றார்.

எனக்குப் புரிந்தது. ஒரேயடியாகப் புரிந்துவிட்டது. எக்கேரை மாணவர்கள் தொடக் கூடாது. என் பீரோவில் இருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். மாணவர்கள் பயன்படுத்த ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து சாதா ஸ்கொயர்கள் இருந்தன. பழைய மாணவர்கள் பயிற்சி வேலையாகச் செய்தவை. அவை தேய்ந்தால் நான் எக்கேரோடு ஒப்பிட்டு அராவிச் சரி செய்துவைப்பேன். தகட்டை யாராவது முடித்துவிட்டேன் என்று வந்தால் பெட்டியைத் திறப்பேன். திறக்கும்போது ஒர்க்‌ஷாப்பே அமைதியாகும். அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஃபெயிலான தகடுகளுக்கு அறை ஓரத்தில் ஒரு டிரம் இருந்தது. கோணலா, டிரம்மில் போடு. தூக்கிப் போட்டால் டொம்மென்று சத்தம் வரும். தப்பு செய்தவனுக்கு அந்தச் சத்தம் பாடம் என்று நான் நினைத்திருந்தேன்.

பதினோரு தகடு

ஃபெயிலான பதினாலு பேருக்கும் மறுதேர்வுக்குத் தேதி வந்தது. அதற்குப் பழக ஒர்க்‌ஷாப் திறந்திருக்கும் என்று நோட்டீஸ் போட்டேன். வந்தது ஒருத்திதான். செல்வராணி, பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பாவுக்குப் படகு. படகு இன்ஜினைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை. ஃபிட்டரில் சேர்ந்தபோது அந்த பேட்சில் அவள் ஒருத்திதான் பெண். சேதராப்பட்டில் ஒரு கம்பெனி அவளை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, மறுதேர்வு ரிசல்ட் வரும்வரை இடத்தை நிறுத்திவைத்திருந்தது. அதற்குமேல் ஒரு நாள்கூட நிறுத்த மாட்டோம் என்று சொல்லியும் விட்டது.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காலையில் நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துணிப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தாள். உள்ளே இரும்பு மோதும் சத்தம்.

"இன்னாம்மா இது?"

"ஃபெயிலான தகடு சார். பதினொண்ணு. இந்த ரெண்டு மாசத்துல போட்டது எல்லாம்."

"டிரம்முல போடாம வீட்டுக்கா எடுத்துட்டுப் போன?"

"ஆமா சார். திட்டாதீங்க. ஒரு தடவ பாருங்க."

அவள் தகடுகளை மேசையில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் மூலைக்கு ஒரு நம்பர் போட்டிருந்தாள். பிறகு ஒர்க்‌ஷாப் ஸ்கொயர் ஒன்றை எடுத்து முதல் தகட்டில் வைத்து, பின்னால் போன் டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. போன் இப்படி என் முகத்துக்கு நேராகவே வேலைக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வெளிச்சம் எங்க சார் தெரியுது?"

"பிளேடு நுனில."

இரண்டாவது தகடு. நுனியில். மூன்றாவது. நுனியில். நான் எழுந்து நின்றேன். ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று வரை எல்லாம் நுனியில்தான்.

"சார், என் கை தப்புன்னா சிலதுல நுனில வெளிச்சம் வரணும், சிலதுல அடில வரணும். இஷ்டத்துக்குத் தப்பணும் இல்ல? பதினொண்ணும் ஒரே மாதிரி எப்டி சார் தப்பும்?"

"நீ ஒரே பக்கம் அழுத்தி ராவுற. அது பழக்கம்."

"அதையும் யோசிச்சேன் சார். அதான் ஒவ்வொரு தகட்டுலயும் வேற வேற மூலைல ஆரம்பிச்சேன். அழுத்தறதும் மாத்திப் பாத்தேன். இடது கையாலகூட ரெண்டு போட்டேன். எங்க ஆரம்பிச்சாலும் சரி, எதுல முடிக்கிறேனோ அந்த மூலைலதான் வெளிச்சம்."

அவள் ஒரு விநாடி நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் பையைச் சுமந்து வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"நாலு மூலையும் சேந்தா முந்நூத்து அறுவது டிகிரி சார். மூணு மூலைய ஸ்கொயர் ஒத்துக்குது. நாலாவத மட்டும் எப்பவும் ஒத்துக்க மாட்டேங்குது. ஸ்கொயரே தொண்ணூறுக்கு ஒரு மயிரிழ கூட இருந்தா, மூணு மூலைலயும் அந்தக் கூடுதல் ஏறி, நாலாவதுல மொத்தமா கொறஞ்சுடும். தப்பு நாலாவது மூலைல இல்ல சார். அது அங்க வந்துதான் தெரியுது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், கோபம்தான். எந்த எக்கேரைப் பார்த்து யார் என்ன பேசுவது? பீரோவைத் திறந்தேன். பெட்டியைத் திறந்தேன். எக்கேரை எடுத்து அவள் பதினோராவது தகட்டின் முதல் மூலையில் வைத்தேன். கருப்பாக, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் உட்கார்ந்தது. நாலாவது மூலையில் வைத்தேன். நுனியில் வெளிச்சம்.

"பாத்தியா? எக்கேரும் அதையேதான் சொல்லுது."

"எல்லா ஸ்கொயரையும் அத வெச்சுத்தானே சார் நீங்க செட் பண்ணீங்க?" என்றாள்.

இரண்டு கோடு

நான் எக்கேரைத் தகட்டிலிருந்து எடுத்தேன். அவளே சொன்னாள், தியரி நோட்டில் இருப்பதை அப்படியே ஒப்பித்தாள்: "ஸ்கொயரைச் சோதிக்கும் முறை. நேரான விளிம்பு உள்ள தகட்டில் அடிக்கட்டையை அணைத்து, பிளேடை ஒட்டி ஒரு கோடு கிழிக்கவும். ஸ்கொயரை மறுபக்கம் திருப்பி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழிக்கவும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் ஸ்கொயர் சரி. விரிந்தால் தவறு."

பிறகு சொன்னாள்: "ரெண்டு மார்க் கேள்வி சார். நீங்கதான் எழுதிப் போட்டீங்க."

ஆமாம், நான்தான் எழுதிப் போட்டேன். முப்பத்தோரு வருடம், வருடம் தவறாமல், கரும்பலகையில் படத்தோடு. எழுதிப்போட்ட கையால் ஒரு தடவைகூட அதைச் செய்து பார்த்ததில்லை. அது பரீட்சைக்கு வரும் கேள்வி. நான் பரீட்சை எழுதுகிறவன் இல்லையே.

பெரிய தகடு ஒன்றை எடுத்து மேலே சாக் தடவினேன். எக்கேரை அணைத்து ஸ்க்ரைபர் ஊசியால் கோடு கிழித்தேன். திருப்பினேன். இந்த முறை அவளே பிளேடைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது கோட்டைக் கிழித்தேன். அடியில் ஒன்றாக இருந்த கோடு மேலே போகப் போகப் பிரிந்தது. உச்சியில் நடுவே ஒரு நூலை வைக்கலாம் போல இடைவெளி.

நான் வெட்கப்பட்டேனா என்று கேட்பீர்கள். பிறகு பட்டேன், போதும் போதும் என்கிற அளவுக்குப் பட்டேன். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம்! எட்டு வருடமாகத் தொண்டையில் சிக்கிய முள் வெளியே வந்த மாதிரி. "அடியே!" என்று கத்திவிட்டேன். ஒரு மாணவியை அப்படிக் கூப்பிடக் கூடாது. அவளும் "சார்!" என்று கத்தினாள். இரண்டு பேரும் அந்த இரண்டு கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றோம்.

பிறகுதான் நினைவு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மழைக்கால மத்தியானம், யாரோ பார்வையிட வந்திருந்தார்கள். எக்கேரைத் தூக்கிக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கையில் எண்ணெய். வழுக்கி, சிமெண்ட் தரையில் பிளேடு நுனி படும்படி விழுந்தது. அவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து எடுத்தேன், துடைத்தேன், பெட்டியில் வைத்தேன். பார்ப்பதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமே பதினைந்து ஸ்கொயரையும் அதைப் பார்த்து அராவினேன்.

ஒரு மாணவன் தகட்டைக் கீழே போட்டால் நான் என்ன சொல்வேன் தெரியுமா? "விழுந்த சாமான செக் பண்ணாம தொடாத." அதுவும் என் நோட்ஸில் இருக்கிறது.

இதைச் செல்வராணியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் தகடுகளைப் பைக்குள் எடுத்து வைத்தாள். பிறகு, "அப்ப மத்தவங்க சார்?" என்று கேட்டாள்.

பதிமூன்று போன்

நேராக பிரின்சிபல் அறைக்குப் போனேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர், நல்லவர், எதையும் சத்தமில்லாமல் முடிக்க விரும்புகிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சார், உங்களுக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ஆறே மாசம். புது ஸ்கொயர் ஒண்ணு வாங்கித் தரேன். புது இன்ஸ்ட்ருமெண்ட் வந்திருக்கு, பசங்க வந்து பழகுங்கன்னு ஒரு மெசேஜ் போடுங்க. போதும். கீழ விழுந்தது, எட்டு வருஷம், அதெல்லாம் எதுக்கு சார்?"

அது நல்ல யோசனைதான். நான் வாசல்வரை போய்விட்டேன். ஆனால் பதினாலு பேரில் ஒருத்திதான் பழக வந்திருந்தாள். மற்றவர்கள் ஏன் வரவில்லை? தங்கள் கைக்கு இது வராது என்று நம்பிவிட்டார்கள். நம்பவைத்தவன் நான். புது ஸ்கொயர் வந்தால் என்ன, பழைய கைதானே என்று அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

"மெசேஜ் வேணாம் சார், நானே போன் பண்றேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"விழுந்துச்சுன்னுதான்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன்.

பதிமூன்று பேருக்கும் போன் செய்தேன். இதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிரகாஷ், பாகூர் பக்கம், அப்பாவுக்கு நெல் விவசாயம். போன வருடம் அந்த அப்பாவை வரவழைத்து நான் சொல்லியிருந்தேன்: "பையன் நல்லவன், ஆனா இவன் கை ஃபிட்டருக்கு ஆவாது." அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பிரகாஷ் இப்போது ஒரு மொபைல் கடையில் இருந்தான்.

"இன்னா சார், இந்நேரத்துல?"

"பிரகாஷு, நாலாவது மூலை உன் தப்பு இல்லடா. என் எக்கேர் தப்பு. நான்தான் கீழ போட்டேன். சொல்லாம வெச்சுட்டேன்."

கடைச் சத்தத்திலிருந்து அவன் வெளியே வருவது போனில் கேட்டது.

"சார், ஒரு நாளைக்கு நாப்பது போனுக்கு கிளாஸ் ஒட்றேன். ஒண்ணுகூட கோணல் கெடையாது. ஒவ்வொண்ணு ஒட்டும்போதும், இந்தக் கையத்தான் ஆவாதுன்னாங்கன்னு நெனச்சுக்குவேன்." பிறகு கேட்டான், "எங்க அப்பாகிட்ட சொல்லுவீங்களா சார்?"

"நம்பர் குடு. இப்பவே சொல்றேன்."

சொன்னேன். வயலில் இருந்தார். நான் சொல்லி முடித்ததும், "அப்ப பையன அனுப்பறேன் சார்" என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

டிரம்மைக் கவிழ்த்தோம்

சனிக்கிழமை காலை பதினோரு பேர் வந்தார்கள். செல்வராணியோடு பன்னிரண்டு. ஒருவன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இன்னொருத்தன் "சும்மா உடுங்க சார்" என்று போனை வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பன்னிரண்டு பேரையும் எக்கேரைச் சுற்றி நிற்கவைத்து, விழுந்த கதையை இன்னொரு தடவை சொன்னேன். சொல்லும்போது யாராவது சிரிப்பார்கள், யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. பிரகாஷ்தான் கேட்டான், "தொட்டுப் பாக்கலாமா சார்?"

முதல்முறையாக எக்கேர் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லோரும் இரண்டு கோடு கிழித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை கோடு விரியும்போதும் ஒரு கூச்சல். பிறகு டிரம்மைக் கவிழ்த்தோம். மூன்று பேர் சேர்ந்து தள்ள, எட்டு வருடத் தகடு கடகடவென்று தரையில் கொட்டியது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். "நுனி!" "நுனி!" "இதுவும் நுனி சார்!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நடுநடுவே ஒன்றில் அடியில் வெளிச்சம் வரும். "இவன் நெஜமாவே தப்பு பண்ணவன்!" என்று ஒரே சிரிப்பு.

அந்தக் குவியலைச் சுற்றி வந்து பார்த்தேன். எத்தனை பிள்ளைகள். அத்தனை தகடும் எனக்கு ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நான் டொம்மென்ற சத்தத்தை மட்டும் கேட்டேன்.

மத்தியானத்துக்குள் வேலை ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் ஸ்கொயர். கோடு கிழி, திருப்பு, கிழி, விரிசலைப் பார், பிளேடை ஒரு இழை அராவு, மறுபடி கிழி. எக்கேரைப் பார்த்துச் சரி செய்யவில்லை, எதையும் பார்த்துச் சரி செய்யவில்லை. ஸ்கொயர் தன்னைத் தானே சோதித்துக்கொண்டது. முதலில் முடித்தவன் பிரகாஷ். இரண்டு கோடு ஒரே கோடாக விழுந்தபோது அவன் போட்ட விசிலுக்கு வாட்ச்மேன் ஓடிவந்தார்.

மறுநாள் ஞாயிறு. யாரையும் நான் வரச் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரும் வந்து கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார்கள். எட்டு வருடமாகப் பசங்களுக்குப் பொறுமை இல்லை என்று சொன்னவன் நான்தான்!

நாலாவது மூலை முதலில் வந்தது செல்வராணிக்கு. திங்கட்கிழமை மத்தியானம். மூன்று மூலை முடித்து, நாலாவதில் ஸ்கொயரை வைத்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். கருப்பு. நுனி முதல் அடி வரை கருப்பு. அவள் தகட்டை என்னிடம் நீட்டினாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். அதை மறைக்க நான் "அளவு பாத்தியா, அளவு?" என்று அதட்டினேன்.

மறுதேர்வு

அதே தேர்வாளர் வந்தார், அதே மூன்று பேனாவோடு. பன்னிரண்டு பேரும் தகட்டை மேசையில் வைத்தார்கள். தேர்வாளர் பையிலிருந்து தன் ஸ்கொயரை எடுத்தார். செல்வராணியின் தகடுதான் முதலில் இருந்தது. ஸ்கொயரை வைக்கப்போனார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் செல்வராணி. "உங்க ஸ்கொயர செக் பண்ணிட்டீங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அப்ரண்டிஸ் இடம், ஒரு வருடம், எல்லாம் அந்த மனிதரின் பேனாவில் இருந்தது. "ஏம்மா!" என்று வாயெடுத்தேன். தேர்வாளர் ஸ்கொயரைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்க, அவளைப் பார்த்தார். பிறகு ஸ்கொயரைப் பார்த்தார்.

"வாங்கும்போது சர்டிபிகேட்டோட வந்துச்சும்மா" என்றார்.

"அதுக்கப்புறம் சார்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? "ரெண்டு கோடுதான் சார், சாக் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நாற்காலியைத் தள்ளி எழுந்து, சட்டைக் கையை மடித்து, பெரிய தகட்டில் சாக் தடவி, தானே கோடு கிழித்தார். திருப்பினார். பன்னிரண்டு தலையும் என் தலையும் மேலே கவிழ்ந்திருந்தன. இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழுந்து மறைந்தது. தேர்வாளர் மூச்சு விட்டார். அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார்.

"மூணு வருஷமா தேர்வு நடத்தறேன். இன்னிக்குத்தான் நானும் ஒரு பரீட்சை எழுதியிருக்கேன்" என்றார். பிறகு அவள் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலும் கருப்பு.

பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் பாஸ். ஃபெயிலான ஒருவன் நாலாவது மூலையில் ஃபெயிலாகவில்லை, அவசரப்பட்டு அளவை விட்டுவிட்டான். அவன் தன் தகட்டை டிரம்மில் போடவில்லை. சாக்பீஸால் நம்பர் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனான். அடுத்த தடவை பாஸ் செய்தான்.

பதிவேடு

செல்வராணி சேதராப்பட்டில் சேர்ந்தாள். பிரகாஷும் பிறகு ஒரு பட்டறையில் சேர்ந்தான். எனக்கு ஆறு மாதத்தில் ஓய்வு வந்தது. கடைசி நாள் ஒர்க்‌ஷாப் சாமான்களைப் புதிதாக வந்த இன்ஸ்ட்ரக்டரிடம் ஒப்படைத்தேன். சாமான் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நிலையை எழுத வேண்டும். வழக்கமாக இரண்டே பதில்தான். ஒன்று 'நல்ல நிலை', இல்லாவிட்டால் 'கழிக்கலாம்'. எக்கேருக்கு எதிரே எட்டு வருடமும் என் கையெழுத்தில் 'நல்ல நிலை' என்று இருந்தது.

புது இன்ஸ்ட்ரக்டர் இருபத்தாறு வயதுப் பையன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "செமயா இருக்கு சார்" என்றான்.

"தப்பு ஸ்கொயர்ப்பா அது. நான் கீழ போட்டது."

"அப்ப கழிச்சுடலாமா சார்?"

"ஐயையோ, கழிச்சுடாத. மொத நாள் கிளாஸுல இத பசங்க கையில குடு. எங்க தப்புன்னு அவங்களே கண்டுபுடிக்கட்டும். கண்டுபுடிச்சதும், அதே மாதிரி உன் ஸ்கொயரையும் செக் பண்ணச் சொல்லு. உன் முன்னாடியே."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. மாறட்டும். எனக்கு அது மாற முப்பத்தோரு வருடம் ஆனது.

பேனாவை வாங்கி, நிலை என்ற கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: 'தப்பு. பத்திரமாக வைக்கவும்.'